அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தண்டமும் பண்பும்

கால்பந்து என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் ஆட்டம் வேறு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் ஆட்டம் வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தில் பந்து உருண்டையாக இராது. இருமுனையும் கூர்த்து, நீண்டிருக்கும். அதைக் காலால் உதைப்பது அரிது. கையில் ஏந்தி ஓடுவதும், ஒருவர்க்கொருவர் வீசிக் கொடுப்பதுமே பெரும்பகுதி. 100 கஜ நீளக் களத்தில் கட்சிக்கு 11 பேர் நிற்பர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். இந்த 'நான்கு' என்னும் எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனால் ஒரு வழக்கே எழப்போகிறது.

பந்தோடு ஓடுபவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது இவ்வாட்டத்தில் குற்றமன்று, அதுவே கடமை. அவனுக்கு வழி செய்து கொடுக்க விரும்பும் தோழர்கள், தடுக்க வருபவனைத் தோளால் முட்டி விலக்கலாம். நம் சடுகுடுவில் பாடி வருபவனை அமுக்கிப் பிடிப்பது போல, இங்கும் உடல்வலிமையே ஆட்டத்தின் உயிர். ஆகவே 'முரட்டுத்தனம் கூடாது' என்று ஒற்றை வரியில் விதி எழுதிவிட இயலாது. எதுவரை ஆட்டம், எதற்கு மேல் அடிதடி என்று கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோட்டைக் கல்லூரிகள் ஒரே நாளில் கிழித்துவிடவில்லை. பெரும்பாலும் யாரேனும் ஒருவர் முறிந்து விழுந்த பிறகே கோடு ஓரடி நகர்ந்திருக்கிறது.

கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரண்டுக்கும் நடைபெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆட்டம் வளர்ந்தது. அதனினும் விரைவாக மூர்க்கம் வளர்ந்தது. 1892இல் ஹார்வர்டு மாணவர்கள், யேல் கல்லூரிக்கு எதிராக 'பறக்கும் ஆப்பு' என்றதோர் உத்தியைக் கையாண்டனர். வீரர்கள் தொலைவிலிருந்து ஓடிவந்து ஆப்பு வடிவில் இணைந்து, எதிர்க்கட்சியில் குறித்த ஓர் இடத்தில் மொத்தப் பளுவோடும் மோதுவர். அங்கு நிற்பவனின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வுத்தி இரண்டே ஆண்டுகளில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் கூட்டமாகத் திரண்டு மோதும் வழக்கம் வேறு வடிவங்களில் தொடர்ந்தே வந்தது.

1905ஆம் ஆண்டில் பொறுமை எல்லை கடந்தது. அவ்வாண்டில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடியோருள் 18 பேர் மாண்டதாக அன்றைய நாளேடுகள் கணக்கிட்டு எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பிரதிநிதிகளை அக்டோபர் மாதம் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர் ஆட்டத்தை வெறுத்தவரல்லர்; அவருடைய மகனே ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களின் கட்சியில் ஆடிக்கொண்டிருந்தான். கொலம்பியா பல்கலைக்கழகமோ ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆண்டிறுதியில் பல கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. அக்கூட்டத்தின் பயனாய் 1906இல் பிறந்த சங்கமே, 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரால் வழங்கி, இன்றுவரை விதிகளை வகுத்து வருகிறது.

1906இல் செய்த மாற்றங்களுள் என்னைக் கவர்ந்தது ஒன்று. பந்தை முன்னோக்கி வீசலாம் என்று அனுமதித்தார்கள். இது தடையன்று, புதிய உரிமை. அதுவரை பந்து ஓரிடத்தில் இருக்க, அதைச் சுற்றி எல்லாரும் குவிந்து நசுங்கிக் கிடந்தனர். இனிப் பந்து எங்கும் பறந்து செல்லலாம் என்றதும், காப்போரும் களம் முழுவதும் பரவி நிற்க வேண்டியதாயிற்று. நெரிசல் தளர்ந்தது. பல்லாண்டுகள் பள்ளி நடத்திய எனக்கு இந்த அறிவு மிகவும் பிடித்தமானது. ஓயாது சச்சரவிடும் கடைசிப் பலகை மாணவர்களைப் பிரம்பால் திருத்த முயல்வதைவிட, பலகைகளைச் சற்றே விலக்கிப் போடுவது மேல் என்பதை ஆசிரியர்கள் அறிவர். இதனால் இறப்பு உடனே நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. 1909இல் மீண்டும் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டில் மேலும் விதிகள் இறுகின.

இனித் தண்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். இவ்வாட்டத்தில் நிலமே செல்வம். ஆகவே தண்டமும் நிலமாகவே வசூலிக்கப்படுகிறது. பந்து ஆட்டத்துக்கு வருமுன் எல்லை தாண்டினால் 5 கஜம். எதிரியைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினால் 10 கஜம். முகக்கம்பியைப் பற்றித் திருகினாலோ, வீழ்ந்தவன்மேல் வேண்டுமென்றே பாய்ந்தாலோ 15 கஜம். கைகலப்பு மட்டுமன்று, எதிரியை இகழ்ந்து சைகை காட்டுவதற்கும் 15 கஜம் உண்டு. எல்லைக்கோட்டை அடையுமுன்பே எதிரியை ஏளனம் செய்துகொண்டு ஓடுபவனுக்கு, 2011 முதல் அந்த வெற்றி ஓட்டமே செல்லாது. நடுவர் தவற்றைக் கண்டதும் ஒரு கொடியைத் தரையில் எறிகிறார். முன்பு ஊதுகொம்பு ஊதி அறிவித்தனர். 1941இல் யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் தம் மனைவி தைத்துக் கொடுத்த துணிக் கொடிகளை நடுவர்களிடம் தந்தார். அன்று தொடங்கியது இந்த வழக்கம்.

இத்தண்ட முறையில் ஒரு நயம் உண்டு. தவறு இழைக்கப்பட்ட கட்சி, தண்டம் வேண்டா என்று மறுக்கலாம். எதிரி முறைகேடாகத் தடுத்தும் நம் வீரன் 30 கஜம் ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 கஜத் தண்டத்தை ஏற்பது நமக்கு நட்டமன்றோ? ஆகவே அதனை ஒதுக்கிவிட்டு ஓடிய நிலத்தையே வைத்துக்கொள்கிறோம். தவறு செய்தவன் தன் தவற்றால் ஆதாயம் அடையலாகாது என்னும் நீதி இதனுள் அடங்கியிருக்கிறது.

ஆனால் அளவிட்ட தண்டத்துக்கு ஒரு கேடும் உண்டு. அது விலையாகிவிடுகிறது. பந்தைப் பிடிக்க ஓடும் எதிரி காவலனைத் தாண்டிவிட்டான். பந்து கைக்கு வந்தால் 40 கஜம் போய்விடும். காவலன் என்ன செய்கிறான்? பந்து வந்து சேருமுன் வேண்டுமென்றே அவனை மறித்துவிடுகிறான். கல்லூரி விதிப்படி இதற்கு மிகுந்தால் 15 கஜமும், எதிரிக்குப் புதிதாக நான்கு முயற்சிகளும்தாம் தண்டம். 40ஐக் கொடுப்பதினும் 15ஐக் கொடுப்பது மேல். இது நேர்மையா என்று நீங்கள் வாதிடலாம். வெளிப்படையாகச் செய்து, வெளிப்படையாகவே விலை கொடுக்கும் இச்செயலை நான் பெருங்குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இது வணிகனின் கணக்கு. வீரனின் கணக்கு அன்று.

கஜத்தை இழப்பதோடு போகும் காரியங்களில் இக்கணக்கு செல்லும். மனிதன் கழுத்தில் செல்லுமா? நூலகத்து நூலை நாள் கடந்து திருப்பித் தருபவனுக்குச் சில்லறைத் தண்டம் போதும். பக்கங்களைக் கிழித்தெடுப்பவனிடம் அதே சில்லறையை வாங்கிக்கொண்டு விட்டுவிட எந்த நூலகரும் உடன்பட மாட்டார். தலையைக் காக்க வந்த கடினத் தலைக்கவசமே நாளடைவில் மோதும் ஆயுதமாயிற்று. கவசத் தலையை முன்னிறுத்திப் பாய்ந்தவர்களின் கழுத்தெலும்பே முறிந்து, கைகால் செயலிழந்தோர் பலர். 1976இல் தலையால் மோதுவது தடைசெய்யப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் அவ்வகைக் காயங்கள் பெரிதும் குறைந்தன. அடிபடுபவனின் மூளைக்கு நேரும் கேட்டை மருத்துவம் மேன்மேலும் எடுத்துக்காட்டவே, தற்காக்க இயலாத எதிரியின் தலையைக் குறிவைத்துத் தாக்குபவனை 2013 முதல் களத்தைவிட்டே வெளியேற்றுகிறார்கள். பிற்பாதியில் அத்தவற்றைச் செய்தவன் அடுத்த ஆட்டத்தின் முற்பாதியிலும் ஆட முடியாது என்று அப்போது விதித்தனர். முதலாண்டில் இவ்விதியில் ஒரு வேடிக்கை இருந்தது. படப்பதிவைப் பார்த்து ஒருவன் குற்றமற்றவன் என்று கண்டால் அவனைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் 15 கஜத் தண்டம் மட்டும் தண்டமாகவே நின்றது! மறு ஆண்டில் அதனைத் திருத்திக்கொண்டனர்.

ஆவேசம் ஆட்டக்காரரோடு நின்றுவிடுவதுமில்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 28 ஆண்டுகள் பெரும்புகழோடு பயிற்சியளித்தவர் உட்டி ஹேய்ஸ். 1978 டிசம்பர் 29ஆம் நாள், தம் கட்சியின் பந்தை இடைமறித்துப் பிடித்த எதிர்க்கட்சி மாணவன் ஒருவனை அவர் கையால் குத்தினார். மறுநாளே பதவி போயிற்று. ஆசிரியன் பிறர் பிள்ளைமேல் கை வைத்தால் 15 கஜம் போதாது என்பதைப் பல்கலைக்கழகம் தயங்காது உணர்த்தியது.

இப்போது 'நான்கு' என்னும் எண்ணுக்கு வருவோம். 1940 நவம்பர் 16ஆம் நாள், ஹானோவர் நகரில் கார்னெல் கட்சியும் டார்ட்மத் கட்சியும் மோதின. கார்னெல் அதற்கு முன் 18 ஆட்டங்களில் தோல்வியே காணாதது. ஆனால் அன்று கடைசி நிமிடத்தில் 3-0 என்ற கணக்கில் பின்தங்கி நின்றது. எதிரியின் எல்லைக்கு மிக அருகே சென்றும் நான்கு முயற்சிகளும் வீணாயின. பந்து டார்ட்மத்துக்கு உரியது. நடுவரோ எண்ணிக்கையில் பிசகி, கார்னெலுக்கு ஐந்தாம் முயற்சியையும் கொடுத்துவிட்டார். அதில் கார்னெல் எல்லையைத் தொட்டு, 7-3 என வென்றது.

ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்றும் அதிகாரம் நடுவருக்கும் இல்லை, வேறெவருக்கும் இல்லை. கார்னெல் வாளா இருந்திருந்தால் வெற்றி அதற்கே. ஆனால் ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டிப் பார்த்தபோது ஐந்து முயற்சிகள் நடந்தது ஐயமின்றித் தெரிந்தது. திங்கட்கிழமையன்று கார்னெல், வெற்றியில் தனக்குரிமையில்லை என்று டார்ட்மத்துக்குத் தந்தி கொடுத்தது. டார்ட்மத் அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் ஏடுகளில் அவ்வாட்டத்தின் முடிவு டார்ட்மத் 3, கார்னெல் 0 என்றே நிற்கிறது. நடுவரும் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஐம்பதாண்டுகள் கழித்து, 1990 அக்டோபர் 6ஆம் நாள், அதே பிழை மீண்டும் நேர்ந்தது. கொலராடோ கட்சி ஐந்தாம் முயற்சியில் எல்லையைத் தொட்டு, மிசௌரியை 33-31 என வென்றது. கொலராடோ அவ்வெற்றியைத் திருப்பித் தரவில்லை. ஆடுகளம் வழுக்கியதைக் காரணமாகப் பேசினார் அதன் பயிற்சியாளர். அவ்வாண்டு முடிவில் இருபெரும் தரவரிசைகளுள் ஒன்றில் அக்கட்சி நாட்டின் முதலிடத்தையும் பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே பயிற்சியாளர் அதுபற்றி வருத்தம் தெரிவித்தார். விதிநூலில் இவ்விரு கல்லூரிகளுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டுமே விதிப்படி வென்றவை. 1990இல் பரிசும் பெயரும் பெருகிவிட்டன, ஆகவே ஒப்பிடுவது நியாயமன்று என்று சிலர் சொல்வர். தோல்வி காணாப் புகழைக் கார்னெல் பெறுமதியற்றதாகவா எண்ணியது?

நடுவரின் தவற்றால் வந்த ஆதாயத்தைத் திருப்பித் தரலாம். நடுவர் காணாது விட்ட தவற்றால் ஒருவனின் தாடையே முறிந்தால் எதனைத் திருப்பித் தருவது? டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட் அமெரிக்கக் கல்லூரி வீரர்களுள் முன்னணியில் நின்றவர், கறுப்பினத்தவர். 1951 அக்டோபர் 20ஆம் நாள் ஓக்லஹாமா வேளாண் கல்லூரிக்கு எதிராக ஸ்டில்வாட்டரில் ஆடினார். தொடங்கிய ஏழு நிமிடங்களுக்குள் எதிர்க்கட்சி வீரன் ஒருவன் அவரை மும்முறை நினைவிழக்கும்படி தாக்கினான். அவன் பெயர் நமக்கு வேண்டா. பந்தைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, ஆட்டத்தை விட்டு விலகி நின்றவரின் முகத்தில் விழுந்த அடிகள் அவை. தாடை முறிந்த நிலையிலும் பிரைட் 61 கஜத்துக்குப் பந்து வீசி வெற்றிப் புள்ளி பெற்றுத் தந்தார். ஒரு கொடியும் விழவில்லை.

ஆனால் டெ மாய்ன் நகர நாளேட்டின் படப்பிடிப்பாளர் இருவர் அத்தனையையும் வரிசையாகப் படமெடுத்திருந்தனர். அப்படங்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. இரு கல்லூரிகளும் உறுப்பாயிருந்த கூட்டமைப்பு, தாக்கியவனைத் தண்டிக்கவில்லை. அதனால் டிரேக் அக்கூட்டமைப்பிலிருந்தே விலகியது. பிராட்லி பல்கலைக்கழகமும் உடன் விலகியது. பந்தில்லாதவனைத் தாக்குவது பற்றிய விதிகள் இறுகின. முகக்கம்பி பொருத்திய தலைக்கவசம் பரவியது.

பிரைட், தம் நாட்டின் தொழில்முறைக் கட்சி அழைத்தும் செல்லாமல், கனடா சென்று அங்கேயே ஆடினார். பின்னர் எட்மண்டன் நகரில் பள்ளி ஆசிரியராகவும், தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். 1983இல் காலமானார். அந்நகரில் 2010 முதல் அவர் பெயரால் ஒரு பள்ளியே நடைபெறுகிறது. ஓக்லஹாமா கல்லூரி இப்போது மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு அதன் தலைவர், நடந்தது தவறு என்று முறைப்படி மன்னிப்புக் கோரி டிரேக்குக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் போய்ச் சேர்ந்தபோது பிரைட் இறந்து ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.