வள்ளம் வளர்ந்த கதை

கேரள மீனவர்கள் தங்கள் வள்ளத்தில் தாங்களே செய்த மாற்றங்கள் அவர்களைக் கரைசேர்த்தன. அதே மாற்றங்கள் கைமீறி வளர்ந்தபோது கடனும் சேர்ந்து வளர்ந்தது.

2018 ஆகஸ்ட். கேரளத்தின் செங்கன்னூர் பகுதி வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. ராணுவத்தின் ரப்பர் படகுகளும் ஹெலிகாப்டர்களும் போதாமல் அரசு திணறிக்கொண்டிருந்த நேரத்தில் கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கடற்கரைகளிலிருந்து லாரிகளில் ஏறி வந்து சேர்ந்தன மீன்பிடி வள்ளங்கள். சுமார் 670 வள்ளங்கள், 4,500 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்றது பின்னால் வந்த அரசுக் கணக்கு.

வந்தவர்களின் துணிச்சலை நாடே பாராட்டியது. வள்ளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பத்துப் பேர் தூக்கினால் லாரியில் ஏறிவிடும் எடை. இடுப்பளவு நீரிலும் தரை தட்டாத அடிப்பாகம். சுவரோ மரக்கிளையோ எதிர்ப்பட்டால் சட்டென்று மேலே தூக்கிவிடக்கூடிய மோட்டார். இவற்றில் எதுவும் வெள்ளத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. துறைமுகம் இல்லாத ஊரில், அலை உடைகிற மணல் கரையிலிருந்தே தினமும் கடலில் இறங்கித் திரும்ப வேண்டியவர்கள் நாற்பது வருடமாகச் செய்துவந்த மாற்றங்களின் பலன் அது.

வள்ளத்தில் கைவைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மா, அயினி போன்ற பெருமரத்தின் அடியைக் குடைந்து செய்வது ஒற்றைத்தடி வள்ளம். மரத்தின் பருமன்தான் வள்ளத்தின் அகலம். அது போதாதபோது விளிம்புக்கு மேல் பலகை வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்து உயரத்தைக் கூட்டினார்கள். ஆணி அடிக்காததற்குக் காரணம் இருந்தது: உப்புநீரில் ஆணி துருப்பிடிக்கும், கயிற்றுத் தையலோ அலை மோதும்போது கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும். மரம் உளுத்துப்போகாமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெயும் மத்தி மீனின் எண்ணெயும் பூசினார்கள். காயலில் இதைவிடக் குறும்பான உத்தி ஒன்று இருந்தது. இரண்டு சிறு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் செலுத்தி இடையே சங்கிலியை இழுத்துச் செல்வார்கள். சத்தத்தில் மிரண்டு துள்ளும் மடவை மீன் தானாகவே வள்ளத்துக்குள் விழும்.

இந்த அறிவு வெளியிலிருந்து வந்த நிபுணர்களுக்குப் புரியச் சற்றுக் காலமாயிற்று. கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953இல் வேலையைத் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், முதலில் உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்திப் பார்த்தது. சரிப்படவில்லை. வள்ளத்தை ஒதுக்கிவிட்டுப் புதிய விசைப்படகுகளைக் கட்டினார்கள். இறால் ஏற்றுமதி சூடுபிடித்தபோது அந்தப் படகுகள் இழுவலையோடு பெருகின. முதலீடு செய்ய முடிந்தவர்கள் படகு வாங்கினார்கள். துடுப்போடு இருந்தவர்கள், தங்கள் கண்ணெதிரே கரையோரக் கடல் அரிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் அது மோதலாகவும் போராட்டமாகவும் வெடித்தது. மழைக்கால இழுவலைத் தடை வந்தது 1988இல்தான்.

அதற்குள் வள்ளக்காரர்கள் வேறு வழி கண்டிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய அவுட்போர்ட் மோட்டார்கள் கரைக்கு வந்தன. நிபுணர்கள் கைவிட்ட வேலையை மீனவர்களும் ஊர்த் தச்சர்களும் மெக்கானிக்குகளும் முடித்துக்காட்டினார்கள். வள்ளத்துக்கு இரு முனையும் கூர்மை. மோட்டாரை மாட்டத் தட்டையான பின்பக்கமே கிடையாது. விளிம்புகளுக்குக் குறுக்கே கனமான சட்டம் வைத்து, அதன் வெளிமுனையில் மோட்டாரைத் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கமாகத் தள்ளும் மோட்டார் வள்ளத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். சுக்கான் பிடிப்பவர் கை அதற்குப் பழகிக்கொண்டது. அடுத்து வந்த வள்ளங்களில் பின்முனையையே தட்டையாக்கிவிட்டார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினால் செலவு குறைந்தது. கரை நெருங்கியதும் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிவிட்டால் மணலில் மோதாது. வள்ளத்துக்குள் நிரந்தரமாகப் பொருத்திய எஞ்சினில் இது நடக்காது.

அடுத்த சிக்கல் மரம். வள்ளம் குடையும் அளவு பருத்த மரங்கள் அரிதாகி, விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. விடையாக வந்தது பிளைவுட். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே பணியாற்றிய படகு கட்டும் மையமும் இதில் முன்னோடிகள். பிளைவுட் துண்டுகளை அளவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் ஃபைபர்கிளாஸும் பிசினும் பூசி ஒட்டும் முறை அது. கயிற்றுத் தையல் போட்டு வளர்ந்தவர்களுக்குக் கம்பித் தையல் அந்நியமாகத் தெரியவில்லை. ஜில்லே தன் அனுபவத்தை 1985இல் புத்தகமாக எழுதியபோது, சிறியதைச் செய்வதுதான் கடினம் என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்பு வைத்தார்.

கடினம் என்றது பொய்யல்ல. ஊருக்கு ஊர் அலை வேறு, வலை வேறு. ஒரு ஊருக்குப் பிடித்த அளவு பக்கத்து ஊருக்குச் சரிவராது. இன்னும் ஒரு முழம் நீளம், விளிம்பு கொஞ்சம் உயரம், வலை வைக்க அகலமான இடம் என்று பயன்படுத்துபவர்கள் கேட்கக் கேட்க வடிவம் மாறியது. பிளைவுட் வள்ளம் நிலைத்ததற்கு இந்தத் திருத்தங்களே காரணம். ஒரு குறை மட்டும் தீரவில்லை. நல்ல ஒற்றைத்தடி வள்ளம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பிளைவுட் சில வருடங்களிலேயே பழுது கேட்கும்.

அத்துடன் நின்றிருந்தால் இது முழு வெற்றிக் கதை. 1980களின் நடுவில் மத்திய கேரளத்தில் பரவிய சுருக்குவலை கதையைத் திருப்பியது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் வளையங்கள் வழியே ஓடும் கயிற்றை இழுத்து, பையின் வாயைச் சுருக்குவதுபோல் மூடிவிடும் வலை இது. மத்தியும் அயிலையும் கூட்டத்தோடு அகப்படும். பெரிய வலைக்குப் பெரிய வள்ளம் வேண்டும். பெரிய வள்ளத்துக்குப் பெரிய மோட்டார் வேண்டும். ஒரு மோட்டார் இரண்டானது, இரண்டு மூன்றானது. வள்ளம் 60 அடியைத் தாண்டியது. முப்பது, நாற்பது பேர் ஏறினார்கள். சில வலைகள் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எட்டின. கடைசியில் மோட்டார் போய் உள்ளே டீசல் எஞ்சினே வந்துவிட்டது. நார்வேக்காரர்கள் எந்த இடத்தில் வள்ளத்தைக் கைவிட்டார்களோ, அந்த இடத்துக்கே வள்ளம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இந்தப் போட்டியில் ஒவ்வொருவர் செய்ததும் நியாயமாகவே தெரியும். பக்கத்து வள்ளம் வேகமாகப் போனால் மீன் கூட்டம் அதற்குத்தான். ஆகவே இவரும் மோட்டாரை மாற்றுகிறார். பணம் தருபவர் தரகர். பதிலுக்கு அந்த வள்ளத்து மீனை ஏலம் விடும் உரிமையும் கமிஷனும் அவருக்கு. எல்லோரும் மாற்றி முடித்தபின் யாருக்கும் முந்துதல் இல்லை. கடனும் எண்ணெய்ச் செலவும் மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கிறது. 2022இல் கேரளத்தில் மண்ணெண்ணெய் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது, வலை நிறைந்தாலும் கை நிறையாத நாட்கள் கூடின.

கடலும் கணக்குக் கேட்டது. கேரளத்தின் மத்தி வரத்து 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021இல் அது சுமார் 3,300 டன். கடல் சூடேறியதும் நீரோட்டங்களின் மாறுபாடும் இதில் பெரும் பங்கு வகித்தன என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் வலைகளுக்கும் பங்குண்டு. 10 செ.மீ.க்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று 2015இல் கேரள அரசு விதித்தது. 2021க்குப் பின் வரத்து மீண்டும் தேறி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. அது நிலைக்குமா என்பதற்குப் பெரிய வள்ளம் உத்தரவாதம் தராது.

சிறிய வள்ளத்துக்கு இன்னும் இடமிருக்கிறது என்று நினைப்பவர்களும் இல்லாமல் இல்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரத்தைப் பதப்படுத்தி, மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்தி, காயலுக்கேற்ற வள்ளம் செய்துகாட்டியது. கேரளத்தில் ரப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை.

பெரிய வள்ளத்தில் பங்கு போட முடியாதவர்களும் ரப்பர் வள்ளத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஆலப்புழைக் கரையில் ஒற்றை ஆளாகக் கடலில் இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். தெர்மோகோல் கட்டைகளை ஒன்றாக வைத்து, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டு வலைவிரிக்கிறார்கள். பெயர் பொந்து, மலையாளத்தில் மிதவை என்று பொருள். மோட்டார் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, தரகரும் இல்லை. பெரிய அலை ஒன்று கவிழ்த்தால் பிடித்துக்கொள்ளவும் அதிகம் இல்லை. அன்றைய குழம்புக்கும் கொஞ்சம் விற்பனைக்கும் மீன் கிடைக்கிறது. நாற்பது வருட முன்னேற்றத்துக்குப் பிறகு, கைக்குக் கிடைத்ததை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.