மந்திர உலகில் விரைவாகக் காசு சேர்ப்பது எப்படி?

டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் ஓர் உலகம். அங்கே நீங்கள் ஒரு வீரர். கையில் வெண்கல வாள் ஒன்று, பையில் சில்லறைக் காசு கொஞ்சம். நல்ல கவசம் வாங்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் பொற்காசு வேண்டும். என்ன செய்வீர்கள்?

இணையத்தில் பலர் கூடி விளையாடும் ஆட்டங்களில் புதிதாக நுழைகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. விடை மந்திரத்தில் இல்லை. கணக்கிலும் பொருளாதாரத்திலும் இருக்கிறது. ஓர் உண்மையான ஆட்டத்தை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

அந்த ஆட்டத்தின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவரும் அவருடைய சகோதரர் பாலும் உருவாக்கி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இப்போது ஜாகெக்ஸ் என்னும் நிறுவனம் அதை நடத்துகிறது. 2007-ஆம் ஆண்டில் ஆட்டம் எப்படி இருந்ததோ அதே வடிவத்தை மீட்டெடுத்து, 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற பெயரில் 2013-இல் தனியாகவும் வெளியிட்டார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், டிராகனோடு போரிடலாம். கிடைத்ததைச் சந்தையில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்கலாம்.

நடையைக் குறை, காசு கூடும்

காசு சேர்க்கும் வேகத்தை அளக்க ஓர் அளவை வேண்டும் அல்லவா? ஆட்டக்காரர்கள் 'ஒரு மணி நேரத்துக்கு எத்தனை காசு' என்று கணக்கிடுகிறார்கள். இயற்பியலில் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதைப் போன்றதே இது.

ஆளிச் செடியைப் பறித்து விற்கும் ஒரு புதியவரை எடுத்துக்கொள்வோம். ரூன்ஸ்கேப்பில் ஒருவருடைய பையில் 28 இடங்களே உண்டு. 28 செடி பறித்ததும் நடந்து சென்று பெட்டகசாலையில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பறிக்க 60 வினாடியும், போய் வர 40 வினாடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 100 வினாடி. ஒரு மணி நேரத்தில் 36 சுற்று, 1,008 செடி.

இப்போது கையை விரைவாக ஓட்டி, பறிக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறார். சுற்றுக்கு 94 வினாடி ஆகும். மணிக்கு ஏறக்குறைய 1,070 செடி. அதற்குப் பதிலாக, பக்கத்திலேயே பெட்டகசாலை உள்ள வேறொரு தோட்டத்தைத் தேடி, நடையைப் பாதியாகக் குறைத்தால்? சுற்றுக்கு 80 வினாடி, மணிக்கு 45 சுற்று, 1,260 செடி. அதாவது நூற்றுக்கு 25 பங்கு கூடுதல்!

வேலையை வேகப்படுத்துவதைவிட வீணாகும் நேரத்தைக் குறைப்பது மிகுந்த பலன் தருவதுண்டு. தொழிற்சாலைகளை அமைக்கும் பொறியியல் வல்லுநர்கள் நாள்தோறும் போடும் கணக்கும் இதுதான்.

பொன்னாக்கும் மந்திரம்

அடுத்த வழி, மலிவான பொருளை உயர்ந்த பொருளாக மாற்றுவது. ஆளி நாரை இராட்டையில் நூற்றால் வில்லின் நாண் கிடைக்கும். யூ மரத்தைச் செதுக்கினால் நாணில்லாத வில் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் நெடுவில். ஒவ்வொரு படியிலும் உழைப்பு சேர்கிறது, மதிப்பும் ஏறுகிறது.

கடைசியில் ஒரு மந்திரம் இருக்கிறது. 'உயர் இரசவாதம்' என்று அதற்குப் பெயர். பண்டைக் காலத்து இரசவாதிகள் இரும்பைப் பொன்னாக்கத் தலைமுறை தலைமுறையாக முயன்று தோற்றார்கள் என்று படித்திருப்பீர்கள். இந்த ஆட்டத்தில் அது மூன்று வினாடி வேலை! ஒரு பொருளின் மீது மந்திரத்தைச் சொன்னால் பொருள் மறைந்துவிடும். ஆட்டத்தை அமைத்தவர்கள் அதற்குக் குறித்திருக்கும் மதிப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு காசாகக் கிடைக்கும். யூ நெடுவில்லின் குறித்த மதிப்பு 1,280 காசு. மந்திரம் தருவது 768 காசு.

ஒரு முறைக்கு மூன்று வினாடி என்றால் மணிக்கு 1,200 முறை. எங்கும் நடக்க வேண்டியதில்லை. மந்திரத்துக்கு 'இயற்கைக் கல்' என்ற ஒன்று ஒவ்வொரு முறையும் செலவாகும். நெருப்புக் கல்லும் வேண்டும். ஆனால் நெருப்புக் கோல் ஒன்று கையில் இருந்தால் அந்தச் செலவு இல்லை. சந்தையில் வில் 600 காசு, இயற்கைக் கல் 100 காசு என்று வைத்துக்கொள்வோம். 768-இலிருந்து 700-ஐக் கழித்தால் 68 காசு இலாபம். மணிக்கு 81,600 காசு!

இனிப் பணக்காரர் ஆவது உறுதி என்று தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள்.

இரகசியம் வெளியானால்?

இந்த வழியை நீங்கள் நண்பரிடம் சொல்கிறீர்கள். அவர் மற்றொருவரிடம் சொல்கிறார். விரைவில் ஆயிரம் பேர் யூ நெடுவில் வாங்கச் சந்தைக்கு வந்துவிடுகிறார்கள். வில் செய்பவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். வில் 650 காசு ஆனால் உங்கள் இலாபம் 18 காசு. மணிக்கு 21,600 மட்டுமே. வில் 668 காசைத் தொட்டால் இலாபம் பூஜ்யம். இயற்கைக் கல்லையும் எல்லோரும் தேடுவதால் அதன் விலையும் ஏறும்.

ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை ஓடி, சமமானதும் நிற்பது நீரின் இயல்பு. சந்தையின் இயல்பும் ஏறத்தாழ அதுவே. மற்றவர் கவனிக்காத இடத்தில்தான் இலாபம் மிஞ்சுகிறது. எல்லோருக்கும் தெரிந்த 'விரைவான வழி' விரைவான வழியாக நெடுநாள் நிற்பதில்லை. கடினமான போரில் பயிற்சி பெற்றவர்கள் மிகுதியாகச் சம்பாதிப்பதற்கும் காரணம் இதுவே. அந்தப் போரில் வெல்லக்கூடியவர்கள் குறைவு.

குழாயும் வடிகாலும்

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் ஒருவரிடம் வில்லை வாங்கும்போது 600 காசு உங்கள் பையிலிருந்து அவர் பைக்குப் போகிறது. உலகில் உள்ள மொத்தக் காசு மாறுவதில்லை. ஆனால் மந்திரத்தைச் சொன்னதும் வில் மறைந்து, முன்பு இல்லாத 768 காசு புதிதாகப் பிறக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரம் இதைச் செய்தால் பிறக்கும் காசு 9,21,600. ஆயிரம் பேர் செய்தால் 92 கோடியே 16 இலட்சம்!

நீர்த்தொட்டி ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது. கீழே வடிகால் அடைபட்டிருக்கிறது. தொட்டி நிரம்பி வழியும். காசும் அப்படியே. காசு பெருகி, பொருள் அதே அளவில் இருந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னைவிட அதிகக் காசு தர வேண்டியிருக்கும். இதைத்தான் பணவீக்கம் என்கிறோம்.

இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று ரூன்ஸ்கேப்பிலேயே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவின்போது ஆட்டக்காரர்களுக்கு வண்ணக் காகிதத் தொப்பிகள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றை அணிந்தால் பலமும் கூடாது, காப்பும் கிடைக்காது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தொப்பிகள் கொடுக்கப்படவில்லை. தொப்பியின் எண்ணிக்கை கூடவில்லை. காசோ பெருகிக்கொண்டே போனது. நாளடைவில் சில தொப்பிகளின் விலை 214 கோடிக் காசையும் தாண்டியது!

அதென்ன 214 கோடி? ஒருவர் ஒரே குவியலாக வைத்திருக்கக்கூடிய காசின் உச்ச அளவு 2,14,74,83,647. கணிப்பொறி எண்களை 0, 1 என்ற இரு இலக்கங்களில் எழுதுகிறது. காசின் தொகையை எழுத அங்கே 32 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஓர் இடம் எண் கூட்டலா கழித்தலா என்பதைக் காட்டப் போய்விடும். மீதி 31 இடங்கள். 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணே வரும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையைத் தீர்க்க ஆயிரம் காசு மதிப்புள்ள பிளாட்டினம் வில்லைகளை ஏற்படுத்தினார்கள். சில்லறையை நோட்டாக மாற்றிக்கொள்வதைப் போல!

ஆனால் நோட்டு அச்சிட்டால் பணவீக்கம் தீராதே. வடிகாலைத் திறக்க வேண்டும். வீடு கட்டச் செலவு, கருவி பழுதுபார்க்கக் கட்டணம் என்று பல வடிகால்கள் ஆட்டத்தில் உண்டு. 2021-ஆம் ஆண்டின் இறுதியில், சந்தையில் விற்கும் பொருளுக்கு நூற்றுக்கு ஒரு காசு வரியும் கொண்டுவந்தார்கள். வரிப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, அளவுக்கு மீறிக் குவிந்துள்ள பொருள்களை ஆட்டமே வாங்கி அழித்துவிடுகிறது. காசுக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் வடிகால் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

விளையாட்டுக் காசு, உண்மைப் பசி

ஆட்டத்துக் காசை உண்மைப் பணத்துக்கு விற்பது ரூன்ஸ்கேப்பின் விதிகளுக்கு மாறானது. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். அப்படியும் கள்ளச் சந்தை ஓயவில்லை. ஒரு கட்டத்தில் ஜாகெக்ஸ் நிறுவனம் சமமற்ற பண்டமாற்றையே தடுத்துப் பார்த்தது. காசு விற்பவர்களோடு, நண்பனுக்குப் பரிசு கொடுக்க விரும்பியவர்களும் தடுக்கப்பட்டார்கள். ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து, 2011 பிப்ரவரியில் அந்தத் தடையை நீக்கினார்கள்.

பிறகு தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுவேலா நாட்டில் விந்தையான ஒரு நிலை உண்டானது. 2014-இல் எண்ணெய் விலை சரிந்த பிறகு அந்நாட்டுப் பொருளாதாரம் நொறுங்கியது. அரசு அளவின்றிப் பணம் வெளியிட்டது. பொலிவார் என்ற அவர்களுடைய நாணயம் மதிப்பை இழந்துகொண்டே போனது. 2018 ஆகஸ்டில் நாணயத்திலிருந்து ஐந்து பூஜ்யங்களை நீக்கினார்கள். 2021 அக்டோபரில் மேலும் ஆறு பூஜ்யங்களை நீக்கினார்கள். அதாவது 2018-க்கு முன் இருந்த 10,000 கோடி பொலிவார், 2021-இல் வெறும் ஒரு பொலிவார்!

அந்த ஆண்டுகளில் வெனிசுவேலா மக்கள் பலர் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பையும் தோலையும் காசாக்கி, அதை டாலருக்கு விற்று அரிசியும் மருந்தும் வாங்கினார்கள். கற்பனை உலகின் காசு அவர்கள் நாட்டுக் காசைவிட நிலையாக இருந்தது. டிராகன்கள் இருக்கும் காட்டுப் பகுதியில் மற்ற ஆட்டக்காரர்கள் அவர்களைத் தாக்கலாம். 2017-இல் அவர்களை அடையாளம் கண்டு கொல்வது எப்படி என்று குறிப்பு எழுதியவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கு விளையாட்டாக இருந்தது மற்றொருவருக்கு அன்றைய சோறு.

அவர்கள் விதியை மீறினார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வியும் உண்மை. உங்கள் வகுப்பில் இதைப் பற்றி விவாதித்துப் பாருங்கள்.

அப்படியானால் எது விரைவான வழி?

வீணாகும் நேரத்தைக் குறையுங்கள். மூலப்பொருளை அப்படியே விற்காமல் ஒரு படி மாற்றி விற்றால் இலாபம் கூடுமா என்று கணக்கிடுங்கள். சிலருக்கு மட்டுமே கைவந்த ஒரு திறமையைப் பழகுங்கள். இவையே நிற்கக்கூடிய வழிகள்.

நிற்காத வழி ஒன்றும் உண்டு. 'உன் காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்று சந்தையில் ஒருவர் கூவுவார். ஆயிரம் கொடுத்தால் இரண்டாயிரம் தருவார். நம்பிப் பத்து இலட்சம் கொடுத்ததும் மறைந்துவிடுவார். ரூன்ஸ்கேப்பில் இது பழைய மோசடி. அதே மோசடி ஆட்டத்துக்கு வெளியே வேறு பெயர்களில் வருவதையும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. மேலே போட்ட கணக்குகளில் எல்லாம் வகுக்கும் எண்ணாக இருந்தது 'ஒரு மணி நேரம்'. அந்த மணி நேரம் ஆட்டத்துக்குள் பிறப்பதில்லை; உங்களிடமிருந்து போகிறது. அதற்கு எந்த மந்திரமும் புதிதாக ஒன்றைப் பிறப்பிக்காது.

செய்து பாருங்கள்

ஆறு நண்பர்கள், நான்கு பென்சில்கள், புளியங்கொட்டைகள் போதும். ஒவ்வொருவருக்கும் 10 கொட்டை கொடுத்து, பென்சில்களை ஒவ்வொன்றாக ஏலம் விடுங்கள். விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலையும் கொட்டைகளையும் திரும்பப் பெற்று, இம்முறை ஒவ்வொருவருக்கும் 20 கொட்டை கொடுத்து மறுபடியும் ஏலம் விடுங்கள். மூன்றாம் முறை 20 கொட்டை கொடுத்து, ஏலத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் 8 கொட்டையை வரியாகப் பெற்றுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். மூன்று முறையும் விலை எப்படி மாறியது? இரண்டாம் முறையில் கொட்டை இரண்டு மடங்கு ஆயிற்றே, யாராவது முன்னைவிடப் பணக்காரர் ஆனார்களா? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.