முறைத் தண்ணியும் மொபைல் டவரும்: அப்லிங்க் தாமதம் பற்றி ஒரு குறிப்பு

போன மாதம் அம்மாவுக்கு வீடியோ காலில் டாக்டர் ஆலோசனை. திண்டுக்கல் பக்கத்தில் கிராமத்து வீடு, சிக்னல் இரண்டு கோடுதான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்ன "ஆமா சார்" அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயாச்சு: "தலைசுத்தல் இருக்கா?" முதல் கேள்விக்கான ஆமா, இரண்டாவதற்கான பதிலாகப் பதிவாகிவிட்டது. பக்கத்தில் நான் இருந்ததால் திருத்தினேன். இல்லையென்றால் ஒரு மாத்திரை கூடியிருக்கும்.

டாக்டர் பேசியது எங்களுக்குத் தெளிவாக வந்தது. நாங்கள் பேசியதுதான் தாமதமாகப் போனது. ஏன் அப்படி?

டவரிலிருந்து போனுக்கு வரும் தரவு டவரிடமே இருக்கிறது. யாருக்கு எப்போது அனுப்புவது என்பதை அதுவே முடிவு செய்யும். போனிலிருந்து டவருக்குப் போகும் அப்லிங்க்கில் கதை வேறு. தரவு போனிடம் இருக்கிறது, முடிவு டவரிடம் இருக்கிறது. எல்லாப் போனும் இஷ்டத்துக்குப் பேசினால் மோதிக்கொள்ளும். எனவே கேட்டு, அனுமதி வாங்கித்தான் அனுப்ப வேண்டும்.

4ஜி-யில் (எஃப்.டி.டி. முறையில்) இதன் கணக்கு, மில்லிசெகண்டில்: 'எனக்கு அனுப்ப வேண்டும்' என்று கைதூக்கும் வாய்ப்பு 10-க்கு ஒருமுறை வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரிக் காத்திருப்பு 5. கைதூக்க 1. டவர் அதைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க 3. அனுமதி வந்து சேர 1. போன் தயாராக 3. தரவு போக 1. டவர் அதைப் பிரித்துப் படிக்க 3. மொத்தம் 17. இதில் தரவு காற்றில் போனது 1 மட்டுமே!

இதோடு முடியவில்லை. கைதூக்கும்போது எவ்வளவு தரவு இருக்கிறது என்று போன் சொல்வதில்லை. டவர் முதலில் சின்ன அனுமதிதான் தரும். அதில் போன் தன் இருப்பு அளவைச் சொல்லி, மறுபடி அனுமதி வாங்கினால் இன்னொரு 8. சிக்னல் பலவீனமான இடத்தில் ஒவ்வொரு அனுமதியிலும் கொஞ்சம்தான் போகும், பல அனுமதிகள் தேவைப்படும். டவரில் கூட்டமும் இருந்தால் வரிசை நீளும். அம்மாவின் பதில் தாமதமானது முழுக்க இதனால்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் இது முக்கியமான ஒரு பங்கு.

தீர்வுக்கு எங்கள் ஊர்க் கூட்டுக் கிணறே போதும். நாலு பங்காளிக்கு ஒரு கிணறு. தினமும் போய் "இன்னிக்கு நான் எடுத்துக்கட்டுமா?" என்று யாரும் கேட்பதில்லை. முறை வைத்திருப்பார்கள். அவரவர் நாளில் மோட்டாரைப் போட்டுக்கொள்ளலாம்.

4ஜி-யின் முதல் பதிப்பிலேயே இந்த 'முறை' உண்டு. பேச்சுக் குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பேக்கெட்டாக வருவதால் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடலாம், கேட்டு வாங்கும் சுற்றே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், தன் முறையில் அனுப்ப எதுவும் இல்லாவிட்டாலும் போன் வெற்றுத் தரவை அனுப்பியாக வேண்டும். பயிருக்குத் தேவையில்லாத நாளிலும் மோட்டார் ஓட்டுவது போல. பேட்டரி வீண், பக்கத்து டவருக்கும் இடைஞ்சல். ரிலீஸ் 14-இல் இதைத் திருத்தினார்கள்: 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைகூட முறை தரலாம், தரவு இல்லையென்றால் போன் சும்மா இருக்கலாம். 5ஜி-யில் 'கான்ஃபிகர்டு கிராண்ட்' என்பதும் இந்த வழிதான்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. முன்பே ஒதுக்கிய இடம் காலியாகப் போனால் அது அடுத்தவனுக்குக் கிடைக்காத இடம். ஆகவே கேள்வி 'எவ்வளவு ஒதுக்குவது' என்பதோடு நிற்பதில்லை, 'எந்த நேரத்தில்' என்பதும் சேர்ந்ததே. தரவு உருவாகும் தருணத்தை ஊகித்து, அதற்குச் சற்று முன் இடம் தருவதில்தான் திறமை.

நம்ம பக்கத்து மாவட்டத்திலேயே இதற்கு ஒரு உறவுக்காரக் கதை உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து நோயாளி வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். சாதாரண வைஃபை 'யாரும் பேசவில்லையே' என்று கேட்டுவிட்டுப் பேசும் வகை. பல கிலோமீட்டர் தூரத்தில் அந்தக் காது உதவாது, இரு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதும். 2007-இல் வெளியான அவர்களது வைல்ட்நெட் கட்டுரையின் தீர்வுகளில் ஒன்று, இரு முனைக்கும் மாறி மாறி நேர முறை வைத்தது. அங்கே அனுமதி கேட்க டவர் இல்லை, பிரச்சினையும் வேறு. மருந்து மட்டும் அதே முறைத் தண்ணிதான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மொபைல் டேட்டாவில் நொடிக்கு ஒரு பிங், பிறகு நொடிக்குப் பல பிங். என் மாடியில் இரண்டாவது வகையில் தாமதம் குறைகிறது. போன் தூங்காமல் விழித்திருப்பதும் ஒரு காரணம், அனுமதி தொடர்ந்து வந்துகொண்டிருப்பது இன்னொன்று என நினைக்கிறேன்.

நெட்வொர்க் திருந்தும்வரை அம்மாவுக்கு ஒரு புரோட்டோகால் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெறும் "ஆமா" கூடாது. "மாத்திரை சாப்பிடுறேன் சார்", "தலைசுத்தல் இல்ல சார்" என்று கேள்வியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போன வாரக் காலில் பதில் வழக்கம்போல் தாமதமாகத்தான் போனது, ஆனால் சரியான கேள்விக்குப் போய்ச் சேர்ந்தது.