ரிவஸ்டன் ஏற்றத்துக்கு ஒரு சைக்கிள்

கலேவெலைக்கு அருகே, புனித அந்தோனியார் தேவாலயத்தால் நாடறிந்த ஊர் வஹகோட்டை. அங்கிருந்து தம்புள்ளைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினால் பெரிய மேடு பள்ளம் இல்லை. மாத்தளைப் பக்கம் திருப்பினால் நிலம் மெல்ல உயரத் தொடங்கும். மாத்தளையையும் தாண்டி இறத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்குப் போக நினைப்பவர் நக்கிள்ஸ் மலைத்தொடரையே ஏற வேண்டும். வீதி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டரைக் கடந்துவிடும்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் காத்துக் கிடந்த மாதங்களில் இலங்கையர் பலர் மீண்டும் சைக்கிளில் ஏறினார்கள். தேவைக்காக ஏறியவர்களில் சிலருக்கு அதுவே ஆசையாகிப்போனது. ஆசை வந்ததும் அடுத்து வருவது, பாகங்களைத் தேர்ந்து எடை குறைந்த ஒரு ‘ரோட் பைக்’கைத் தானே சேர்த்துக்கொள்ளும் எண்ணம். அப்போது பேச்செல்லாம் கிலோவைப் பற்றித்தான். எத்தனை கிலோ குறைத்தால் எவ்வளவு வேகம்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 10 கிலோ. 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 5,15,000 ஜூல் ஆற்றல் செலவாகும். அவர் கால்கள் விடாமல் 200 வாட் தருகின்றன என்றால், காற்றையும் டயர் உராய்வையும் சேர்க்காமல், ஏறி முடிக்க 43 நிமிடம். சைக்கிளில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாவது 34 வினாடி. மூன்று கிலோ குறைத்து 7 கிலோ சைக்கிளாக்கினாலும் இரண்டு நிமிடம் கூட மிஞ்சாது. பந்தயத்தில் அது பெரிய இடைவெளி. ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட இல்லை.

எடைக் குறைப்பின் உச்சம் என்று பலரும் சொல்வது 1972 ஒக்டோபர் 25 அன்று மெக்சிக்கோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரச் சாதனைக்காக ஓட்டிய சைக்கிளை. அதைச் செய்த எர்னெஸ்டோ கொல்னாகோ, அதற்காகச் செயினில்கூடத் துளை போட்டு எடையைக் குறைத்தார். முழுச் சைக்கிளும் ஆறு கிலோவுக்கும் கீழே வந்தது. அதில் மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடினார். அவ்வளவு லேசான சைக்கிளை இன்றைய பந்தயத்தில் ஓட்ட முடியாது. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோ என்ற கீழ்வரம்பை வைத்திருக்கிறது.

எடை எங்கே குறைகிறது என்பது உலோகத்தின் கதை. 1897இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரட் ரெனால்ட்ஸ், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். குழாய்கள் இணையும் மூட்டில்தான் பளு அதிகம். நடுவில் அத்தனை உலோகம் தேவையில்லை. 1935இல் அந்நிறுவனம் கொண்டுவந்த ‘531’ குழாய் பல பத்தாண்டுகள் பந்தய உலகை ஆண்டது. அலுமினியம் உருக்கில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் குறையைக் குழாயின் விட்டத்தைப் பெருக்கி ஈடுகட்டுகிறார்கள். அலுமினிய ஃபிரேம் பருமனாகத் தெரிவதன் காரணம் இதுவே. கார்பன் இழையில் ஃபிரேமை ஒரு கிலோவுக்குக் கீழும் கொண்டுவரலாம். அதற்கான விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதை மேலே போட்ட 34 வினாடிக் கணக்கை வைத்து அவரவர் முடிவு செய்யட்டும்.

சமதரையில் கதையே வேறு. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் கால்களின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போகிறது. அந்தக் காற்றை மறிப்பது பெரும்பாலும் சைக்கிள் அல்ல, அதில் உட்கார்ந்திருக்கும் உடல்.

இதை உலகத்துக்கே காட்டியவர் ஸ்கொட்லாந்தின் சைக்கிள் வீரர் கிரஹம் ஓப்ரீ. தானே கட்டிய சைக்கிளில், சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த பெயரிங் ஒன்றையும் பொருத்தியிருந்தார். முழங்கால்கள் இடிக்காதிருக்க மேற்குழாயையே நீக்கினார்; பெடல்களை நெருக்கி வைத்தார்; கைகளை மடக்கி மார்புக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டார். 1993 ஜூலையில் நோர்வேயின் ஹாமாரில், அதே வடிவில் புதிதாகச் செய்த சைக்கிளில் முதல்நாள் முயன்று தோற்றார். மறுநாள் காலை தன் பழைய சைக்கிளையே எடுத்து ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடி, இத்தாலிய வீரர் மோசர் 1984இல் வைத்த சாதனையை முறியடித்தார். அவரை வெல்ல வைத்தது எடைக் குறைப்பு அல்ல. அந்த உடலுக்கென்றே அமைந்த இருக்கை நிலை.

நம் பக்கத்தில் அளவு என்ற கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை. 22 அங்குலம், 24 அங்குலம் என்று கடையில் இருப்பதுதான் சைக்கிள். அதற்கேற்ப உடம்பை வளைத்துக்கொள்வதே வழக்கம். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றபோது, அவர்களில் பலர் ஆண்களுக்கென்று செய்த உயரமான சைக்கிள்களில்தான் கற்றார்கள். அந்தத் துணிச்சலைப் பாராட்டும்போதே, அவர்களின் உயரத்துக்கு ஒரு ஃபிரேம் ஏன் கிடைக்கவில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது.

சீட்டின் உயரம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேல்நோக்கி இறுக்கிப் பிடித்து, அதன் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம் வரும். பிரான்சின் பயிற்சியாளர் சிரில் கிமார், அமெரிக்க வீரர் கிரெக் லெமொண்ட் ஆகியோர் பெயரோடு பரவிய சூத்திரம் இது. 1967இல் ஹாம்லியும் தோமஸும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று சொன்னது: கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட் வரை, கால் அளவின் 109 வீதம் இருக்கட்டும். கால் அளவு 78 செ.மீ. என்றும், கிராங்க் 170 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் பெடலிலிருந்து 85.9 செ.மீ., இரண்டாவதில் 85 செ.மீ. ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர் வேறுபாடு! முழங்கால் அந்த வேறுபாட்டை உணரும்.

அதனால் சூத்திரத்தில் தொடங்கி, உடம்பைப் பார்த்து முடிக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பது நல்லது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கக்கூடும். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ, முழங்காலின் பின்புறம் இழுத்தாலோ சீட் உயர்ந்திருக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, உள்ளங்கையில் ஓடும் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறி. பெரும்பாலும் ஹேண்டில் எட்டாத தூரத்தில் அல்லது மிகத் தாழ்வாக இருப்பதால் வருவது. மெர்க்ஸ் 1969இல் பிரான்சின் புளுவாவில் விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு, சீட் உயரத்தைத் திருத்துவதை வாழ்நாள் பழக்கமாக்கிக்கொண்டார். ஓட்டத்தின் நடுவிலேகூடத் திருத்தினார்.

இத்தனைக்கும் அளவெடுத்து ஃபிரேம் செய்துகொள்ள வேண்டியவர்கள் சிலரே. மிகக் குள்ளமானவர்கள், மிக உயரமானவர்கள், அல்லது கால் நீண்டு உடல் குறுகியவர்கள். மற்றவர்களுக்கு ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களில் சரியான அளவு உருக்கு ஃபிரேம் ஒன்றைத் தேடி எடுத்தாலே போதும். பார்க்க வேண்டியது ஃபிரேமில் எழுதியிருக்கும் எண்ணை அல்ல, மேற்குழாயின் நீளத்தை. சீட் தாழ்ந்தால் உயர்த்தலாம், குறுகிய ஹேண்டிலை மாற்றலாம், ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மை ஒன்றிரண்டு சென்ரிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். மேற்குழாயே நீளமாக இருந்தால் அதற்கு மேல் செய்வதற்கு அதிகம் இல்லை. குள்ளமானவர்கள் 165 மி.மீ. கிராங்க் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் 170ஐத்தான் முதலில் நீட்டுவார்.