உலகம் சுற்றும் சைக்கிள் – 9: தண்டவாளம் போனது, தடம் இருக்கிறது

சென்ற வாரம் டச்சு நகரங்களின் நெரிசலான சைக்கிள் பாதைகளில் சுற்றினோம். இந்த வாரம் நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு நாட்டுப்புறத்துக்குப் போவோம்.

பிரான்சின் கிழக்கே, பர்கண்டியின் தென்பகுதியில் சோன்-எ-லுவார் என்றொரு மாவட்டம் இருக்கிறது. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், சமவெளியில் வெள்ளை வெளேரென்று மேயும் ஷரோலே மாடுகள், ஊருக்கு ஊர் ஆயிரம் ஆண்டு வயதை எட்டும் கல் தேவாலயங்கள். இங்கே ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து க்ளூனி என்ற பழைய மடாலய ஊர் வரை சுமார் 44 கிலோமீட்டர். வழியில் குறுக்கிடும் சில கிராமத்துச் சாலைகளைக் கடப்பதைத் தவிர, அந்தத் தூரம் முழுக்க ஒரு கார்கூட உரசாமல் சைக்கிளில் போய்ச் சேரலாம். 1997-ல் மாவட்ட நிர்வாகம் திறந்துவைத்த இந்தத் தடம்தான் பிரான்சின் முதல் ‘வுவா வெர்த்’. பசுமை வழி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சைக்கிள்காரர்களுக்காக யாரும் மலையைக் குடைந்து, பாலம் கட்டி, இந்த வழியைப் போட்டுக் கொடுக்கவில்லை. இது ரயில் ஓடிய தடம்.

ரயில் வந்த கதை, போன கதை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சுக்கு ரயில் பித்துப் பிடித்திருந்தது. பொதுப்பணித் துறை அமைச்சர் ஷார்ல் தெ ஃப்ரெய்சினே கொண்டுவந்த திட்டத்துக்கு 1879-ல் சட்ட வடிவம் கிடைத்தது. சுமார் 8,800 கிலோமீட்டர் புதிய பாதை போடுவது, மூலையில் கிடக்கும் சிறு ஊர்களுக்கும் ரயிலைக் கொண்டுபோவது என்பதுதான் திட்டம். பள்ளத்தாக்குகளில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். மேடுகளை வெட்டிச் சமமாக்கினார்கள். திராட்சை ரசப் பீப்பாய்களும் மாடுகளும் சந்தைக்குப் போகிற ஜனங்களும் அதில் பயணம் செய்தார்கள்.

பிறகு பஸ்ஸும் லாரியும் வந்தன. 1938-ல் பெரிய ரயில் கம்பெனிகள் ஒன்றாக்கப்பட்டு தேசிய ரயில்வே உருவானபோது, வருமானம் இல்லாத கிராமப்புறப் பாதைகள் வரிசையாக மூடப்பட்டன. போருக்குப் பின் வீட்டுக்கு வீடு கார் வந்ததும் மிச்சமிருந்தவற்றிலும் பல நின்றுபோயின. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஜல்லி போட்ட தடமும் பாலங்களும் நிலையக் கட்டடங்களும் முள்மண்டிக் கிடந்தன.

அந்தப் புதருக்குள் கிடந்தது மிகப் பெரிய சொத்து. நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் கிராமப்புறப் பாதைகளில்கூட ஏற்றம் பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டாது. வளைவுகள் விசாலமாக இருக்கும். முன்னும் பின்னும் பை கட்டிய சைக்கிளை மிதித்துப் போகிறவருக்கு, குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டும் தாய்க்கு, முழங்கால் வலியுள்ள அறுபது வயதுக்காரருக்கு இதைவிட இதமான தடம் கிடையாது.

பெடலை மிதிப்போம்

ஜிவ்ரியை விட்டுக் கிளம்பினால் வலப்பக்கம் ஷலோன் வட்டாரத்துத் திராட்சைச் சரிவுகள் கூடவே வருகின்றன. புஸ்ஸி, சேன்-ஜாங்கூ என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். கோர்மாத்தேனில் 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று உண்டு. அதற்கு அப்பால், உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் பிரார்த்தனைக்கு வந்து கூடும் தெய்ஸே குன்றின் மேல் தெரியும்.

பழைய லெவல் கிராசிங் ஒன்றில் நின்று பாருங்கள். தடத்துக்குக் குறுக்கே இடுப்புயரத்தில் தடுப்பு போட்டிருக்கிறார்கள். சைக்கிளும் சக்கர நாற்காலியும் நுழையும், கார் நுழையாது. ஒரு காலத்தில் சாலையில் வந்தவர்கள் காத்திருக்க, ரயில் போனது. இப்போது சாலைக்குத்தான் முதல் உரிமை. நாம்தான் நின்று, இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும். ஓரத்தில் கேட் கீப்பர் குடியிருந்த சின்ன ஓட்டு வீடு நிற்கிறது. இப்போது அதில் ஒரு குடும்பம் வாழ்கிறது. சன்னலில் பூந்தொட்டி, முற்றத்தில் துணிக்கொடி. ரயில் நிலையங்கள் சிலவற்றில் வாடகை சைக்கிள் கடையும் காபிக் கடையும் வந்துவிட்டன. நடைமேடையின் கல் விளிம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

க்ளூனியைத் தாண்டி மாகோன் நகரை நோக்கிப் போனால் புவா க்ளேர் என்ற குன்று மறிக்கும். ரயிலுக்காக அன்று குடைந்த சுரங்கம் சுமார் 1.6 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் உள்ளே நுழைந்ததும் உடம்பு சில்லிடும், மேல்சட்டை தேடத் தோன்றும். குளிர்காலத்தில் இந்தச் சுரங்கம் மூடப்பட்டுவிடும். உள்ளே வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்கும், அவற்றை எழுப்பக் கூடாது என்பதுதான் காரணம். அந்த மாதங்களில் வருகிறவர்கள் குன்றின் மேலேறிச் சுற்றிப் போக வேண்டும்.

1981-ல் ஓடத் தொடங்கிய பாரிஸ்–லியோன் அதிவேக ரயிலும் இதே வட்டாரத்தைக் கடந்துதான் போகிறது. அதன் புதிய பாதை 3.5 சதவீத ஏற்றத்தையும் அனாயாசமாக ஏறும். அதனால் அந்தப் பாதையில் ஒரு சுரங்கம்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய ரயிலின் பலவீனம்தான் இன்று சைக்கிளுக்குச் சுகமான வழியாகக் கிடைத்திருக்கிறது.

சட்டமும் வரைபடமும்

முதல் தடத்துக்குக் கிடைத்த வரவேற்பு வீண்போகவில்லை. 1998-ல் நாடு தழுவிய சைக்கிள் வழித் திட்டத்தை பிரெஞ்சு அரசு ஏற்றது. 2004-ல் சாலை விதித் தொகுப்பிலேயே பசுமை வழிக்குத் தனி இடம் தரப்பட்டது. மோட்டார் இல்லாத வண்டி, நடந்து போகிறவர், குதிரையில் போகிறவர் ஆகிய மூவருக்கு மட்டுமே அது உரியது என்று அப்போது விதி வகுத்தார்கள். நடப்பவர், சைக்கிள், குதிரை மூன்றும் வரைந்த நீலச் சதுரப் பலகையைக் கண்டால் அது பசுமை வழி என்று தெரிந்துகொள்ளலாம்.

பயணம் திட்டமிடுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘வேலோரூத்’ என்று வரைபடத்தில் இருப்பது நெடுந்தூர சைக்கிள் வழி. அதில் பசுமை வழிகளும் இருக்கும், போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளும் இருக்கும். நெவேர் நகருக்கு அருகிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர் ஓடும் புகழ்பெற்ற லுவார் நதி வழி இந்த வகைதான். குழந்தைகளோடு போகிறவர்கள் எந்தப் பகுதி முழுக்கத் தனித் தடம், எந்தப் பகுதியில் கார் வரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீரோரம்

ரயில் தடத்துக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது கால்வாய்க் கரை. முன்பு சரக்குப் படகுகளை மனிதர்களும் குதிரைகளும் கயிறு கட்டிக் கரையோரமாக நடந்து இழுத்தார்கள். இழுப்பவர் நடப்பதற்கென்றே போட்ட கரைப்பாதை, ஏறக்குறைய மட்டமாக, மைல்கணக்கில் நீரை ஒட்டிப் போகும். ஷலோனிலிருந்து திகுவேன் வரை போகும் மத்தியக் கால்வாய் 112 கிலோமீட்டர், 61 லாக். படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் அந்தக் கதவுத் தொட்டிகள் இருக்கும் இடத்தில் மட்டும் சைக்கிளுக்குச் சிறு ஏற்றம், மற்ற இடமெல்லாம் சமதளம்.

பிரித்தானிப் பகுதியில் நாந்த்–பிரெஸ்த் கால்வாய், சுமார் 360 கிலோமீட்டர். ஆங்கிலக் கடற்படை பிரெஸ்த் துறைமுகத்தை முற்றுகையிட்ட காலத்தில், உள்நாட்டு வழியாகவே சரக்குப் போகட்டும் என்று நெப்போலியன் காலத்தில் தொடங்கிய வேலை. 1930-ல் கெர்லேதான் அணை எழுந்து படகு வழியை இரண்டாக வெட்டிவிட்டது. கரையில் சைக்கிள் போகிறது.

தெற்கே ரிக்கே என்ற வரிவசூல் அதிகாரி 1666-ல் தொடங்கி, அவர் இறந்த சில மாதங்களில் 1681-ல் திறக்கப்பட்ட மிதி கால்வாய் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதன் கரையில் நிழல் தந்த 42,000 பிளேன் மரங்களைப் பூஞ்சைநோய் 2006 முதல் தாக்கிவருகிறது. நோயுற்றவற்றை வெட்டி, வேறு இன மரங்களை நடுகிறார்கள். அங்கே கரைப்பாதை பல இடங்களில் வேரும் குழியுமாகக் கரடுமுரடாக இருக்கும். அகலமான டயர் போட்டுப் போவது உத்தமம்.

போகிறவர்களுக்கு

தடம் இருந்தால் போதுமா, போக ஆள் வேண்டாமா? அந்தப் பழக்கத்தை பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊட்டியவர்களில் முக்கியமானவர் பால் தெ விவி. ‘வேலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய அவர், பந்தயத்துக்காக இல்லாமல் ஊர் பார்ப்பதற்காக சைக்கிள் மிதியுங்கள் என்று சொந்தப் பத்திரிகை நடத்திப் பல ஆண்டுகள் வாதாடினார். 1936-ல் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தபோது, ஆலைத் தொழிலாளர்கள் சைக்கிளிலும் இருவர் மிதிக்கும் டாண்டத்திலும் நாட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

இன்று கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ‘அகேய் வேலோ’ என்ற பலகை மாட்டிய விடுதிகள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் அங்கே உண்டு. கிராமத்து ரொட்டிக் கடைகள் பல திங்கட்கிழமை திறப்பதில்லை. மற்றக் கடைகளும் மதியம் இரண்டு மணி நேரம் கதவடைக்கும். ஆகவே காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்கென்று அங்கே குழாய் இருக்கும். அனுபவசாலிகள் பாட்டிலை நிரப்பிக்கொள்வது அங்கேதான். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

க்ளூனி சொல்லும் பாடம்

க்ளூனியில் ஒரு நாளாவது தங்குங்கள். 910-ல் நிறுவப்பட்ட மடாலயம் அங்கே இருக்கிறது. அதன் மூன்றாவது தேவாலயம் ரோமில் புனித பேதுரு ஆலயம் எழும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியதாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798-ல் அதை வியாபாரிகளுக்கு விற்றார்கள். அவர்கள் அதைக் கல்குவாரியாக்கி, பெயர்த்துப் பெயர்த்து விற்றார்கள். நடுக்கூடத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடிய ரயில் தடத்தின் இரும்பு மட்டுமே போனது. மண் பொதுச் சொத்தாக, அறுபடாமல் நின்றது. அதனால்தான் 1997-ல் அதைச் சைக்கிளுக்குக் கொடுக்க முடிந்தது.

ஒரு நீண்ட தடத்தின் மதிப்பு அது அறுபடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. நடுவே நூறு மீட்டரை ஒருவருக்கு விற்றுவிட்டால் மிச்சமுள்ள 40 கிலோமீட்டரும் பயனற்றதாகிவிடும். விற்றதைத் திரும்ப வாங்கிக் கோப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல. பயன்படாது என்று மூடிய பாதையை விற்காமல் வைத்திருப்பதுதான் பசுமை வழி போடுவதன் முதல் படி. பிரான்சின் கிராமங்கள் அதை நிரூபித்துக் காட்டியிருக்கின்றன.

(தொடரும்)