நுண்டுணிக்கையும் கதிர்ச் சிகிச்சையும்

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நெஞ்சங் கலங்காதார் இலர். அந்நோயை எதிர்க்க வைத்தியர் கைக்கொள்ளும் வழிகளுள் கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் தலையாயன. அவ்விரண்டையும் நுண்டுணிக்கையாற் பிணைக்கும் முயற்சியை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

1895 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். விரைவிலே அது நோய் தீர்க்கவும் பயன்படலாயிற்று. கதிரானது புற்றுக்கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழையை அறுத்து, அக்கலம் பெருகாவண்ணந் தடுக்கும். ஆயின் இடையூறுகள் இரண்டுள. கதிர் செல்லும் வழியிலுள்ள நல்லிழையமும் ஊறுபடுமாதலின், வேண்டுமளவு கதிரைச் செலுத்தல் எப்பொழுதும் இயலாது. கட்டியின் உட்புறத்தே ஒட்சிசன் குன்றிய கலங்களோ கதிருக்கு எளிதில் மடியா.

சிஸ்பிளாற்றின் போன்ற சில மருந்துகள், புற்றுக்கலங்கள் கதிருக்கு எளிதில் அழியுமாறு செய்வன. எனினும் அவை குருதியோடு உடலெங்குஞ் சென்று சிறுநீரகம் முதலிய உறுப்புக்களையும் வருத்தும். மருந்தைக் கட்டியிடத்தே கொண்டு சேர்க்கும் தூதன் ஒருவன் வேண்டுமன்றோ? அத்தூதனே நுண்டுணிக்கை.

ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கின் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். மருந்து சுமக்கும் துணிக்கைகள் பல 100 நனோமீற்றர் அளவின. தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டியில் விரைந்து வளர்ந்த குருதிக்குழாய்களின் சுவர் செவ்வனே அமையாமையால், இடைவெளிகளினூடே இத்துணிக்கைகள் கசிந்து அங்கே தங்கும். யப்பானிய அறிஞர் மற்சுமுறாவும் மயேடாவும் 1986 இல் இதனை விளக்கினர். டொக்சோறூபிசின் என்னும் மருந்தைக் கொழுப்புக் கோளத்துள் அடைத்த டொக்சில், 1995 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கதிர் பட்ட கட்டியிலே துணிக்கைகள் மேலும் மிகுதியாகச் சேர்தல் எலிகளிற் காணப்பட்டுள்ளது. ஆகவே கதிர் மருந்துக்கு வழி திறக்க, மருந்து கதிருக்கு வலிமை தரும் என்பதே அறிஞர் கருத்து.

மருந்து சுமவாத துணிக்கையும் உண்டு. ஹஃப்னியம் ஒட்சைட்டுத் துணிக்கையைக் கட்டியுள் ஊசியாற் செலுத்திக் கதிர் பாய்ச்சினால், அது கதிரின் சத்தியை அவ்விடத்தே மிகுவிக்கும். மென்னிழையப் புற்றுநோயாளரிடத்துச் செய்த சோதனையொன்றின் முடிபு 2019 இல் வெளியாயிற்று. கட்டி ஏறக்குறைய முற்றாக அழிந்தோர், கதிர் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 8 பேர். துணிக்கையும் பெற்றோருள் நூற்றுக்கு 16 பேர்.

இவற்றைக் கண்டு, நோய் வென்றாயிற்று எனக் களித்தல் தகாது. விலங்குகளிற் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2016 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, குருதியிற் செலுத்திய துணிக்கைகளில் நூற்றுக்கு ஒன்றினுங் குறைவான பங்கே கட்டியை அடைவதாகக் காட்டிற்று. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்ளும். எலியிற் பலித்தது மனிதரிடத்தும் அவ்வாறே பலிக்குமென்பதும் நியதியன்று.

ஆதலால் ‘நனோ மருந்து’ என விளம்பரஞ் செய்வார் சொற்கேட்டு, நன்கு சோதித்தறிந்த சிகிச்சையைக் கைவிடுதல் பேதைமை. நோயை முளையிலேயே கண்டு வைத்தியரை அடைதலே இன்றும் சிறந்த காப்பாகும். பௌதிகம், இரசாயனம், வைத்தியம் மூன்றுங் கூடுமிடத்தே பிறந்த இத்துறையில் செய்யவேண்டியன பல உள. அவற்றை நிறைவேற்றுவாருள் நம் கல்லூரி மாணவரும் இடம்பெறுவாராக.