கதவை மூடினால் காற்று எங்கிருந்து வரும்? மின்சார ரயில் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வாசல் வரை ரயில் கிடையாது. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஏறி, அத்திப்பட்டு புதுநகரிலோ மீஞ்சூரிலோ இறங்கி, அங்கிருந்து பஸ், ஷேர் ஆட்டோ, கம்பெனி வண்டி என்று எதையாவது பிடிக்க வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏற ஏற, ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். பெட்டியின் நடுவில் நிற்க இடம் இருக்கும். ஆனால் வாசலில்தான் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"உள்ள போங்க சார், காலியாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால், "அங்க காத்தே இல்லப்பா" என்றுதான் பதில் வரும். இறங்க வசதி, பழக்கம், கொஞ்சம் வீராப்பு என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் காற்றுதான் முதல் காரணம். படிக்கட்டில் தொங்கிப் பயணம் செய்வது ரயில்வே சட்டத்தின் 156வது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அப்படியும் ஆட்கள் வாசலை விட்டு நகருவதில்லை என்றால், பிரச்னையைப் பெட்டியின் வடிவமைப்பிலும் தேட வேண்டியிருக்கிறது.

ஜன்னல் திறந்துதானே இருக்கு, அப்புறம் ஏன் புழுங்குது?

ரயில் ஓடும்போது காற்று ஜன்னலுக்குள் நேராகப் பாய்வதில்லை. பெட்டியின் பக்கச் சுவரை உரசியபடி, ஜன்னலைத் தாண்டிப் பின்னோக்கி ஓடிவிடுகிறது. ஜன்னலின் பின்பக்க விளிம்பில் மோதும் கொஞ்சக் காற்றுதான் உள்ளே திரும்புகிறது. ரயில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவர் முகத்தில் காற்று அடிக்க, எதிர் சீட்டுக்காரர் வியர்த்துக்கொண்டு இருப்பது இதனால்தான்.

பழைய அம்பாசிடர் காரில் போனவர்களுக்கு முன்கதவில் இருந்த சின்ன முக்கோணக் கண்ணாடி ஞாபகம் இருக்கும். அதை முன்பக்கம் பார்த்துத் திருப்பினால் காற்றை அள்ளி உள்ளே தள்ளும். லேசாகப் பின்பக்கம் பார்த்துத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே இழுக்கும். ஜன்னலின் அளவை விட, அதன் விளிம்பு காற்றை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதுதான் முக்கியம் என்று காட்டிய எளிய கருவி அது.

ரயிலில் இதையே செய்யலாமே என்றால் ஒரு சிக்கல். கார் ஒரே பக்கம் பார்த்து ஓடும். மின்சார ரயிலோ கும்மிடிப்பூண்டி போய் இன்ஜின் மாற்றாமல், திரும்பாமல், அப்படியே பின்பக்கமாகக் கிளம்பும். போகும்போது காற்றை அள்ளிய தடுப்பு, வரும்போது காற்றை வெளியே இழுக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர் திசையில் வைத்தால்தான் எந்தப் பக்கம் ஓடினாலும் பாதி ஜன்னல்கள் உள்ளே இழுக்கும், மீதி வெளியே தள்ளும். அதுவும் ரொம்ப நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வருமே.

வெளியே போகும் வழியும் உள்ளே வரும் வழி அளவுக்கு அவசியம். பெட்டிக்குள் இருக்கும் காற்று கிளம்பினால்தான் புதுக் காற்றுக்கு இடம். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கூரையை ஒட்டித் திறப்பு இருப்பது நல்லது. பழைய பெட்டிகளின் கூரையில் தொப்பி மாதிரி வரிசையாக இருந்த மூடிகள் இதற்காகத்தான். ரயில் ஓடும்போது மேலே வேகமாகப் போகும் காற்று, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும்.

இன்னொரு குறையை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜன்னல் உட்கார்ந்திருப்பவர் உயரத்துக்குத்தான் இருக்கிறது. நிற்பவரின் முகம் அதற்கு மேலே, சுவருக்கு நேராக இருக்கிறது. நெரிசல் நேரத்தில் பெட்டியில் பெரும்பாலானவர்கள் நிற்பவர்கள்தான்! ஜன்னலுக்கு மேல் குறுகலாக, உள்பக்கம் சாய்ந்து திறக்கும் இன்னொரு கண்ணாடி இருந்தால் அவர்களுக்கும் காற்று கிடைக்கும், சூடான காற்றும் அதே வழியாக வெளியேறும்.

ஃபேன் இருக்கே?

சும்மா நிற்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பெட்டியில் 200 பேர் என்றால் 20,000 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இருபதை உள்ளே போட்டு வைத்ததற்குச் சமம். மேலே வெயிலில் காயும் இரும்புக் கூரையின் சூடு தனி.

ஃபேன் இந்தச் சூட்டை வெளியேற்றாது, இருக்கும் காற்றையே கலக்கிவிடும். வியர்வை காயும் வரை சுகமாக இருக்கும். 200 பேரின் வியர்வையும் மூச்சும் சேர்ந்து காற்றில் ஈரம் ஏறியதும் வியர்வை காய்வது குறைந்துவிடும். கடலோர சென்னையில் வெளிக்காற்றே ஈரம்தான் என்பதால் அந்த நிலை சீக்கிரமே வந்துவிடுகிறது.

ரயில் நின்றுவிட்டால்?

கொரோனா பரவிய 2020-ல் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. ஜன்னல்களை 10 சென்டிமீட்டர் திறந்து வைத்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால், பெட்டியின் காற்று 5 முதல் 6 நிமிடத்தில் முழுசாக மாறிவிடும். வெறும் 10 சென்டிமீட்டருக்கே அவ்வளவு பலன். ஆனால் அது 70 கிலோமீட்டர் வேகத்துக்கான கணக்கு. வேகம் குறையக் குறைய காற்று மாறும் நேரம் நீளும்.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் இது முக்கியம். எக்ஸ்பிரஸுக்கும் சரக்கு ரயிலுக்கும் வழிவிட்டு மின்சார ரயில் சிக்னலில் நிற்கிறது என்பது இங்கே பல வருடப் புகார். நின்ற ரயிலில் ஜன்னல் விளிம்பு, கூரை மூடி எதுவும் பெரிதாக உதவாது. வெளியே காற்றடித்தால் உண்டு.

மும்பையில் என்ன நடந்தது?

2025 ஜூன் 9 அன்று மும்பை அருகே மும்ப்ரா வளைவில் இரண்டு புறநகர் ரயில்கள் ஒன்றையொன்று கடந்தபோது, வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் இறந்தார்கள். ஏசி இல்லாத ரயில்களுக்கும் தானியங்கிக் கதவு போட வேண்டும் என்ற பேச்சு உடனே எழுந்தது. அதற்கு முதல் தடையாக ரயில்வே சொன்னது காற்றோட்டத்தைத்தான். கதவை மூடிவிட்டால் உள்ளே மூச்சு முட்டும்.

ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் பொறியாளர்களோடு ஆலோசித்த பிறகு மூன்று மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. கதவிலேயே காற்று புகும் சரிவுப் பட்டைகள் இருக்கும். கூரையில் பொருத்திய மின்விசை வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி இருப்பதால் கூட்டம் பரவி நிற்கும். முதல் ரயிலை 2025 நவம்பருக்குள் தயாரித்து, சோதனைகள் முடித்து, 2026 ஜனவரியில் ஓட்டுவது இலக்கு என்றும் சொன்னார்கள்.

கூரையிலிருந்து காற்றைத் தள்ளுவது புதுசு இல்லை. 2007-ல் மும்பையில் ஓடத் தொடங்கிய, சீமென்ஸ் மின்கருவிகள் கொண்ட ஐசிஎஃப் ரயில்களிலேயே அது உண்டு. இந்த மூன்றில் நின்ற ரயிலுக்கும் காற்று தரக்கூடியது அது ஒன்றுதான். சரிவுப் பட்டை மழையைத் தடுக்கும், ஆனால் காற்று வரும் வழியையும் கணிசமாகக் குறைக்கும். அதை மட்டும் நம்பிக் கதவை மூடினால், எண்ணூர் தாண்டி சிக்னலில் நிற்கும் ரயிலில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வடசென்னைக்கு என்ன தேவை?

ஏசி ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னையின் முதல் ஏசி மின்சார ரயில் 2025 ஏப்ரல் 19-ல் ஓடத் தொடங்கியது. ஆனால் அது கடற்கரை–செங்கல்பட்டு மார்க்கத்தில். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண ரயிலில் 5 ரூபாய். தினக்கூலிக்குப் போகிறவர் எதில் ஏறுவார்?

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. உள்ளே வரும் காற்று எப்படிப்பட்ட காற்று? மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் நிலக்கரி, அனல்மின் நிலையச் சாம்பல் என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில்தான் இந்தத் தண்டவாளம் போகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியதும் இதே பகுதியில்தான். திறந்த ஜன்னல் தூசியையும் சேர்த்தே கொண்டு வரும். மின்விசை வழியாக வரும் காற்றை வடிகட்டலாம். ஆனால் இந்தப் பகுதித் தூசிக்கு அந்த வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்தாக வேண்டும். அடைத்துப்போனால் திறந்த ஜன்னலே மேல்.

புதுப் பெட்டி வரும் வரை இருக்கிற பெட்டியிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற, இரண்டு பக்க ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும். வெயில் பக்கத்தை மட்டும் முழுசாக மூடாமல், சரிவுப் பட்டை உள்ள ஷட்டரை இறக்கிவிட்டால் நிழலும் கிடைக்கும், ஓரளவு காற்றும் வரும். ஷட்டர் துருப்பிடித்து அசையவில்லை என்றால் பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 139-ல் புகார் செய்யலாம்.